நட்சத்திரத்தை விற்றால் விடியுமா?

தோற்கும் அணி தன் பெரிய வீரர்களைக் கைமாற்றிவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டுமா? அமெரிக்கக் கூடைப்பந்து உலகத்தின் ஓயாத வழக்கு இது.

2025 ஜூன் 22 இரவு. ஒக்லஹோமா சிட்டியில் என்.பி.ஏ. இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டம். உள்ளூர் தண்டர் அணிக்கு எதிரே இண்டியானா பேசர்ஸ். 103-91 என்று தண்டர் ஜெயித்தது. கோப்பை ஊரோடு தங்கியது. அந்த ஆட்டத்தில் களத்தில் காலே வைக்காத ஒருவருக்கு இரண்டு அணிகளுமே கடன்பட்டிருந்தன. அவர் பெயர் பால் ஜார்ஜ்.

கணக்கு சுவாரசியமானது. 2017ல் ஜார்ஜ் இண்டியானாவின் நட்சத்திரம். ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று அவர் தெரியப்படுத்திவிட, நிர்வாகம் அவரை ஒக்லஹோமாவுக்குத் தள்ளிவிட்டு விக்டர் ஓலடிபோ, டொமான்டாஸ் சபோனிஸ் என்ற இரண்டு இளைஞர்களை வாங்கிக்கொண்டது. யானையைக் கொடுத்து ஆட்டுக்குட்டியை வாங்கினார்கள் என்று சிரித்தார்கள். 2022ல் அதே சபோனிஸை சாக்ரமென்டோவுக்குக் கொடுத்து டைரீஸ் ஹாலிபர்டனைக் கொண்டுவந்தது இண்டியானா. அணியை இறுதிப் போட்டிவரை இழுத்து வந்தவர் இந்த ஹாலிபர்டன்தான்.

மறுபக்கம், ஒக்லஹோமாவிலும் ஜார்ஜ் நிலைக்கவில்லை. 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போக வேண்டும் என்றார். சரி என்ற ஒக்லஹோமா நிர்வாகி சாம் பிரெஸ்டி, அதற்குக் கேட்ட விலை ஊரையே வாய்பிளக்க வைத்தது. ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற 20 வயதுப் பையன், அனுபவஸ்தரான டனிலோ கலினாரி, இவர்களோடு வரும் ஆண்டுகளின் ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள், மேலும் இரண்டு ஆண்டுகளில் உரிமைகளை மாற்றிக்கொள்ளும் சலுகை. அந்த 20 வயதுப் பையன் 2025ல் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர். இறுதிப் போட்டியின் சிறந்த வீரரும் அவரே. ஆக, கோப்பைக்காக மோதிய இரண்டு அணிகளின் தலைமகன்களும் ஒரே மனிதரை விற்றுக் கிடைத்த சொத்து. அந்த மனிதரோ கிளிப்பர்ஸில் ஐந்து பருவங்கள் ஆடி, ஒரு கோப்பையும் வாங்காமல், 2024ல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். ஒப்பந்தம் முடிந்து போனவர் என்பதால் கிளிப்பர்ஸுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தக் கதையைக் காட்டி, "பார்த்தீர்களா, நட்சத்திரங்களை விற்றுத் தலைமுழுகிவிட்டு இளைஞர்களை வைத்துப் புதிதாகக் கட்டுவதே புத்திசாலித்தனம்" என்று வாதாடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். தோல்வியில் துவளும் ஒவ்வொரு அணியின் ரசிகனும் பிப்ரவரி மாதம் வந்தால் இந்த வாதத்தில் ஏதாவது ஒரு பக்கம் நிற்கிறான். கைமாற்றல்களுக்கு அந்த மாதத்தோடு கெடு முடிகிறது.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பதற்றம் கொஞ்சம் விநோதமாகத் தெரியலாம். காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் பதினோரு பேர். எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனும் ஒரு பந்தில் அவுட்டானால் பெவிலியனில் போய் உட்கார வேண்டியதுதான். கூடைப்பந்தில் களத்தில் ஐந்தே பேர். நட்சத்திரம் என்பவர் 48 நிமிட ஆட்டத்தில் 36, 38 நிமிடங்கள் களத்தில் இருப்பார். வேண்டும்போதெல்லாம் பந்து அவர் கையில். அப்படி ஒருவர் இல்லாத அணி கோப்பை வாங்குவது அபூர்வத்திலும் அபூர்வம்.

அப்படிப்பட்டவரை எங்கே பிடிப்பது? கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை ஆண்டுக்கொரு முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் 'டிராஃப்ட்' முறைதான் பிரதான வாசல். அந்த வரிசையில் மோசமாகத் தோற்ற அணிக்கு முன்னுரிமை. பலவீனமானவன் பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு. நல்லெண்ணத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது மனித சுபாவம் அல்லவா? கடைசி இடம் லாபம் என்றால் கடைசி இடத்துக்கே போட்டி வந்துவிட்டது. இதைத் தடுக்க 1985ல் குலுக்கல் முறை வந்தது. 2019ல் குலுக்கலையும் திருத்தினார்கள். அதுவரை மிக மோசமான அணிக்கு முதல் இடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது. அதைக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று சமப்படுத்தினார்கள். ஆனாலும் ஆசை விடவில்லை.

உண்மையில் பரிதாபத்துக்குரியது கடைசி அணி அல்ல, நடு அணி. 82 ஆட்டங்களில் 41ஐ ஜெயித்து 41ல் தோற்கும் அணி. கோப்பைக்கும் லாயக்கில்லை, நல்ல இளைஞனைப் பிடிக்கும் அளவுக்கு மோசமும் இல்லை. திரிசங்கு சொர்க்கம். அங்கே மாட்டிக்கொண்ட நிர்வாகிக்குத்தான் 'விற்றுவிடலாமா' என்ற யோசனை முதலில் வருகிறது.

ஒக்லஹோமாவுக்கு அந்த யோசனை வந்ததற்கு வேறு பின்னணி. சியாட்டில் நகரத்திலிருந்து 2008ல் குடிபெயர்ந்து வந்த அணி அது. கெவின் டுராண்ட், ரசல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் என்று அடுத்தடுத்த மூன்று டிராஃப்ட்களில் மூன்று மாணிக்கங்கள் கிடைத்தன. 2012ல் இறுதிப் போட்டிவரை வந்து மயாமியிடம் தோற்றார்கள். மூவரும் 25 வயதைத் தாண்டாதவர்கள். இனி பத்து வருடம் இவர்கள் ராஜ்யம்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த அக்டோபரிலேயே சம்பளப் பேச்சு முறிந்து ஹார்டன் ஹூஸ்டனுக்குக் கைமாற்றப்பட்டார். 2016ல் ஒப்பந்தம் முடிந்த டுராண்ட், சில வாரங்களுக்கு முன்பு தங்களைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட் அணிக்கே போய்ச் சேர்ந்தார். ஒன்பது பருவம் ஆடிய வீரருக்குப் பதிலாக ஒரு துரும்பும் கிடைக்கவில்லை.

அந்தச் சூடுதான் 2019ல் பிரெஸ்டியை வேகமாகச் செயல்பட வைத்தது என்று கருத இடமிருக்கிறது. ஜார்ஜை விற்ற சில நாட்களிலேயே, ஊரின் செல்லப் பிள்ளையான வெஸ்ட்புரூக்கையும் ஹூஸ்டனுக்கு அனுப்பினார். 11 பருவம் அந்த ஊருக்காகவே ஆடியவர். டுராண்ட் போனபோது போகாமல் இருந்தவர். நோயாளி சாவதற்கு முன்பே உறுப்பு தானத்துக்குக் கையெழுத்து வாங்கிய மாதிரி இருந்தது அந்த அவசரம்.

பிறகு வந்தது விலை. 2020-21ல் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்த ஆண்டு 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பர் 2ம் தேதி மெம்ஃபிஸிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம். என்.பி.ஏ. வரலாற்றில் அவ்வளவு பெரிய தோல்வி எந்த அணிக்கும் நேர்ந்ததில்லை. டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த இரண்டு வருடங்களில் கிடைத்தது என்ன என்ற கேள்விக்கு, வெற்றி விழாப் பேச்சுகளில் பதில் இருக்காது. 2022 டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் செட் ஹோம்கிரன் கிடைத்தார். கிளிப்பர்ஸிடமிருந்து வாங்கி வைத்திருந்த உரிமையில், பன்னிரண்டாவது இடத்தில், ஜேலன் வில்லியம்ஸ் கிடைத்தார். 2024-25ல் அதே அணி 68 ஆட்டங்களில் ஜெயித்தது.

பன்னிரண்டாவது இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லியம்ஸைப் பிடிக்கத் தோற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆள் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும். கோப்பைக்கு ஆணிவேரான கில்ஜியஸ்-அலெக்சாண்டரும் தோல்வியில் கிடைத்தவர் அல்ல, பேரத்தில் கிடைத்தவர். வேண்டுமென்றே தோற்று அணி கட்டுவதற்கு ஒக்லஹோமாவை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த விஷயத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அவர்கள் பார்க்க வேண்டிய ஊர் ஃபிலடெல்ஃபியா. 2013ல் அங்கே நிர்வாகப் பொறுப்புக்கு வந்த சாம் ஹிங்கி, தோல்வியை ஒரு விஞ்ஞானமாகவே நடத்தினார். வந்த கையோடு ஜ்ரூ ஹாலிடே என்ற நட்சத்திரத்தைக் கைமாற்றினார். மூன்று பருவங்களில் அணி ஜெயித்தது 19, 18, 10 ஆட்டங்கள். இடையில் தொடர்ந்து 26 தோல்வி. 'நடைமுறையை நம்பு' என்பது ரசிகர்களின் பாதி வேடிக்கை, பாதி வேதவாக்கு. 2016 ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு ராஜினாமா செய்தார். ஜோயல் எம்பீட் என்ற அபாரமான வீரர் அந்தத் தவத்தில் கிடைத்தது உண்மை. 2023ல் அவர் ஆண்டின் சிறந்த வீரர். ஆனால் 2016லும் 2017லும் டிராஃப்டின் முதல் இடத்தையே பிடித்து எடுத்த பென் சிமன்ஸும் மார்கெல் ஃபுல்ட்ஸும் நிலைக்கவில்லை. 2025 வரை அந்த அணி பிளே-ஆஃபின் இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. அந்த ஆண்டு 82ல் 24 வெற்றி. பால் ஜார்ஜ் போய்ச் சேர்ந்த இடம் இதுதான் என்பது விதியின் குறும்பு.

இந்தியர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமான உதாரணம் சாக்ரமென்டோ கிங்ஸ். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 2013ல் வாங்கிய அணி. 2019 அக்டோபரில் மும்பைக்கே வந்து இண்டியானாவோடு இரண்டு காட்சி ஆட்டங்கள் ஆடிய அணி. பிளே-ஆஃப் வாசலை மிதிக்காமல் தொடர்ந்து 16 பருவங்களைக் கழித்தவர்கள் இவர்கள், என்.பி.ஏ.யில் அது சாதனை! ஒரு நிர்வாகி கட்டுவார், அடுத்தவர் இடிப்பார். 2017ல் டிமார்க்கஸ் கசின்ஸை விற்றார்கள். 2018 டிராஃப்டில் இரண்டாவது இடம் கிடைத்தும் லூகா டோன்சிச்சை விட்டுவிட்டு மார்வின் பேக்லியை எடுத்தார்கள். 2022ல் ஹாலிபர்டனைக் கொடுத்து சபோனிஸை வாங்கியபோது, ஒரு மாறுதலுக்கு, எதிர்காலத்தை விற்று நிகழ்காலத்தை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே 48 வெற்றி. ஜெயித்த இரவுகளில் அரங்கின் மேலிருந்து வானத்தை நோக்கி ஊதா நிற ஒளிக்கற்றை பாய்ச்சினார்கள். ஊரே தெருவில் நின்று பார்த்தது. பிளே-ஆஃபில் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஸ்டெஃபன் கரி தனியாளாக 50 புள்ளி எடுத்து அந்த வெளிச்சத்தை அணைத்தார். 2025 பிப்ரவரியில் டி'ஆரன் ஃபாக்ஸையும் சான் அன்டோனியோவுக்கு அனுப்பியாயிற்று.

16 வருடம் பட்டினி கிடந்தவனிடம் போய், 'அந்த ஒரு பருவத்துக்காக ஹாலிபர்டனைக் கொடுத்தது தப்பு' என்று சொல்ல முடியுமா? கோப்பைக் கணக்குப்படி தப்புதான். ஆனால் விளையாட்டு ரசிகனின் வாழ்க்கையில் 16 வருடம் என்பது பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெறும் காலம்.

விற்பதா வேண்டாமா என்ற விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர் விற்கப்படும் மனிதர். ஐசையா தாமஸ் 5 அடி 9 அங்குலம். 2011 டிராஃப்டில் கடைசியிலும் கடைசியாக, 60வது ஆளாக எடுக்கப்பட்டவர். 2016-17ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக ஆட்டத்துக்கு சராசரி 28.9 புள்ளி எடுத்தார். பிளே-ஆஃப் தொடங்குவதற்கு முந்தைய நாள் அவர் தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் ஆட வந்தார். தங்கையின் பிறந்த நாளான மே 2ம் தேதி வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளி. இத்தனையும் இடுப்பில் காயத்தோடு. அந்த ஆகஸ்டில் பாஸ்டன் அவரை கிளீவ்லாண்டுக்குக் கைமாற்றி கைரி இர்விங்கை வாங்கியது. காயம் மோசமாகி, அடுத்த ஆண்டு கோடிகளை எதிர்பார்த்தவர் டென்வரில் குறைந்தபட்ச சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பாஸ்டன் செய்ததில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. கணக்குப்படியும் அப்போது சரியென்றே தோன்றியது. இர்விங் இரண்டே வருடத்தில் பாஸ்டனை விட்டுப் போனது தனிக்கதை.

பாஸ்டனின் கணக்குப் புத்தி பிரசித்தம். 2013ல், 15 பருவம் அங்கேயே ஆடிய பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் புரூக்ளினுக்கு அனுப்பி, பதிலுக்கு மூன்று முதல் சுற்று உரிமைகளையும் ஒரு ஆண்டு உரிமையை மாற்றிக்கொள்ளும் சலுகையையும் வாங்கினார்கள். வயதான நட்சத்திரங்கள் புரூக்ளினுக்கு ஜெயித்துக் கொடுத்தது ஒரே ஒரு பிளே-ஆஃப் சுற்று. பிறகு புரூக்ளின் தோற்கத் தோற்க, லாபம் பாஸ்டனுக்கு. அந்த உரிமைகளின் வழியாக வந்த ஜேலன் பிரௌனும் ஜேசன் டேட்டமும் 2024ல் கோப்பையை வாங்கித் தந்தார்கள். பாஸ்டன் இந்தப் பாடத்தைப் படித்தது சொந்த வரலாற்றிலிருந்துதான். 1986ல் கோப்பை வென்ற லாரி பேர்ட் தலைமுறையை முதுமைவரை கட்டிக்காத்து, அடுத்த கோப்பைக்கு 2008 வரை காத்திருந்தவர்கள் அவர்கள். விசுவாசத்தின் விலை 22 வருடம்.

ஆனாலும் விசுவாசம் ஜெயித்த கதையும் இருக்கிறது. 2006-07ல் டாலஸ் அணி 67 ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து அணியிடம் மண்ணைக் கவ்வியது. டிர்க் நொவிட்ஸ்கி அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதைத் தலைகுனிந்து வாங்க வேண்டியிருந்தது. இவரால் ஆகாது, விற்றுவிடுங்கள் என்று குரல்கள். நிர்வாகம் அசையவில்லை. 2011ல், 33 வயதை நெருங்கிய நொவிட்ஸ்கி கோப்பையைக் கொண்டுவந்தார். 21 பருவமும் ஒரே அணி.

அதே டாலஸ்தான் 2025 பிப்ரவரியில், முந்தைய ஆண்டு தங்களை இறுதிப் போட்டிவரை கொண்டுபோன, 25 வயதே ஆன டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. வந்தவர் 31 வயது அந்தோணி டேவிஸ், கூடவே ஒரு இளைஞர், 2029க்கான ஒரே ஒரு முதல் சுற்று உரிமை. தற்காப்பு ஆட்டம்தான் கோப்பை தரும் என்றார் நிர்வாகி நிகோ ஹாரிசன். அரங்கத்துக்கு வெளியே நொவிட்ஸ்கி சிலையின் காலடியில் ரசிகர்கள் சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏப்ரலில் டாலஸுக்கு எதிரணி வீரராக வந்த டோன்சிச், தன் பழைய ஆட்டங்களின் படத்தொகுப்பைத் திரையில் போட்டபோது பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து 45 புள்ளி எடுத்தார். நவம்பரில் ஹாரிசன் வேலை போயிற்று. இடையில் 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த குலுக்கலில் டாலஸுக்கு முதல் இடம் விழுந்து கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். முட்டாள்தனத்துக்கும் சில சமயம் லாட்டரி விழும்.

இந்த வலி நமக்கும் அந்நியமல்ல. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்சரும் ஃபோரும் அடித்த ரவீந்திர ஜடேஜாவை, 2025 நவம்பரில் சென்னை அணி ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது மஞ்சள் சட்டைக்காரர்கள் பலருக்குத் தொண்டை அடைத்தது. ஒரு வித்தியாசம், ஐ.பி.எல்.லில் கைமாற்ற வீரரின் சம்மதம் வேண்டும். என்.பி.ஏ.யில் மறுக்கும் உரிமை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான்.

அப்படியானால் எப்போது விற்கலாம்? நட்சத்திரமே கிளம்ப முடிவு செய்துவிட்டால், ஒப்பந்தம் முடிவதற்கு முன் விற்பதில் பாவம் இல்லை. இண்டியானாவும் ஒக்லஹோமாவும் செய்தது அதுதான். வயது ஏறிவிட்ட நட்சத்திரத்தை விற்பது மனசைப் பொறுத்தது. இருக்க விரும்பும் 25 வயதுக்காரனை விற்பது, இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கும் வேலை. விற்கும்போதும் வெறும் வருங்கால உரிமைச் சீட்டுகளை நம்புவதைவிட, ஆட்டம் தெரிந்த ஒரு இளைஞனைக் கையோடு வாங்குவது மேல். டென்வருக்கு 2023 கோப்பையைத் தந்த நிகோலா யோகிச் டிராஃப்டில் 41வது ஆள்; மில்வாக்கிக்கு 2021ல் தந்த யானிஸ் 15வது ஆள். இவர்களைக் கண்டுபிடிக்க யாரும் 26 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவில்லை.

ஒக்லஹோமா மக்களுக்கு அந்தத் தோல்வி வருடங்கள் மறந்துவிட்டன போலிருக்கிறது. 2023 டிசம்பரில், கோப்பை கண்ணில் படுவதற்கு முன்பே, குறைந்தது 90 கோடி டாலரில் புது அரங்கம் கட்டத் தங்கள் மேல் ஒரு சதவீத விற்பனை வரி போட்டுக்கொள்ள 71 சதவீதம் பேர் சம்மதித்து வாக்களித்தார்கள். ஊருக்கு இருக்கும் ஒரே பெரிய அணி அது. சியாட்டிலுக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியும்.

2025 ஜூலையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், ஹோம்கிரன் மூவரோடும் தண்டர் புது ஒப்பந்தம் போட்டது. மொத்தம் கிட்டத்தட்ட 80 கோடி டாலர். மூவரில் இருவருக்கு 2026-27 பருவத்திலிருந்து புதுச் சம்பளம். அதற்கு அடுத்த ஆண்டு மூன்றாமவருக்கும். மூன்று பெரிய சம்பளத்தை ஒரே அணி சுமந்தால், 2023ல் வந்த புது விதிகள் அபராத வரியோடு விடுவதில்லை. வீரர்களை வாங்கவும் மாற்றவும் கையைக் கட்டிப்போடும். 2024ல் கோப்பை வென்ற பாஸ்டன், ஒரே வருடத்தில் ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் வெளியே அனுப்பியதற்கு அந்த விதிகளே காரணம். 2012ல் ஹார்டன் விஷயத்தில் பிரெஸ்டி முன்னால் வந்து நின்ற கேள்வி மறுபடி அவர் மேஜைக்கு வந்துகொண்டிருக்கிறது.